வள்ளென்று விழுந்த பிள்ளை

எங்கள் மகனுக்கு எட்டு வயது. வீடு அம்பாசமுத்திரத்தில். போன மழைக்காலத்திலிருந்து எதைச் சொன்னாலும் வள்ளென்று விழ ஆரம்பித்தான். சட்டைப் பொத்தான் மாட்டவில்லை என்றால் அழுகை, பென்சிலைத் தொட்டால் தங்கைக்கு அடி. ஆச்சி, "கண்ணு பட்டிருக்கு" என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். தெருவில் "செல்லம் கூடிப்போச்சு" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மாறினால் காரணம் இருக்கத்தானே வேண்டும்?

பாளையங்கோட்டையில் குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். சிடுசிடுப்பு என்பது காய்ச்சல் மாதிரி, அதுவே நோய் இல்லை என்றார். விளையாட்டு, சாப்பாடு, கூட்டாளிகள் எல்லாவற்றையும் விசாரித்தார். சில பிள்ளைகளுக்கு மனச்சோர்வு சோகமாக வராமல் எரிச்சலாகவே வருமாம். வாரத்தில் மூன்று தடவையாவது கோபம் வெடித்து, இடைப்பட்ட நேரத்திலும் எரிச்சல் ஓயாமல், 12 மாதம் நீடித்தால்தான் தனிக் கோளாறா என்று யோசிப்பார்களாம். எங்கள் பிள்ளைக்கு அப்படி இல்லை.

அப்புறம் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். கோபம் எப்போது வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, நாங்கள் என்ன செய்தோம், எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று. எல்லா வீட்டிலும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பேன். பெரும்பாலான சண்டை பள்ளி வேனை விட்டு இறங்கியதிலிருந்து ஏதாவது வாயில் போடும் வரைதான். பள்ளியில் நாளெல்லாம் அடக்கி வைத்ததைப் பயமில்லாத இடத்தில்தான் பிள்ளை கொட்டும் என்றார் மருத்துவர். இப்போது இறங்கியதும் கேள்வி கேட்பதில்லை. முதலில் சுண்டலோ அவலோ கொடுத்துவிடுகிறேன்.

மற்றது தூக்கம். அவன் அப்பாவுக்கு நெல்லை டவுனில் கடை. அவர் வரும்வரை விழித்திருந்துவிட்டு விடியலில் எழுந்து வேனுக்கு ஓடுவான். 6 முதல் 12 வயது வரை 9 மணி நேரமாவது தூங்க வேண்டும். சரி, அப்பாவோடு பேசும் நேரத்தைக் காலைக்கு மாற்றினோம். வேன் நிற்கும் இடம் வரை இருவரும் நடந்தே போகிறார்கள். இரவில் சீக்கிரம் படுக்க அவன் சம்மதித்ததே அதனால்தான்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும் குறைவு. இந்த வயதில் 11.5க்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தாலும் பிள்ளைகள் எரிந்து விழுவார்கள். கருப்பட்டி போதாதா என்று ஆச்சி கேட்டார்கள். போதாது, மருந்து வேண்டும் என்றார் மருத்துவர். இரும்பு டானிக்கைப் பாலோடும் டீயோடும் கொடுக்கக் கூடாது, எலுமிச்சைச் சாறு நல்லது.

கத்தினால் போன் கிடைக்கும் என்ற வழக்கத்தை நிறுத்தியதுதான் கஷ்டமாக இருந்தது. நிறுத்தியதும் முதலில் சத்தம் கூடத்தான் செய்தது. அது இயல்பு என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் தாங்கினோம். ஒரு நாள் கொடுத்து ஒரு நாள் மறுத்தால் அடம் இன்னும் ஊறிப்போகுமாம்.

கோபம் இப்போதும் வருகிறது, ஆனால் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் உடம்பில் இரும்புச்சத்து இருப்பு சேர வேண்டும் என்பதால் டானிக் இன்னும் சில மாதம் உண்டு. மருத்துவரைத் தேடி அலைய முடியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழைக்கலாம். இலவசம், தமிழிலேயே பேசலாம்.