25 டாலர் ரேடியோ, 35 டாலர் லைசென்ஸ்

2021 பிப்ரவரிப் பனிப்புயலில் ஆஸ்டினில் எங்கள் வீட்டுக்கு இரண்டரை நாள் கரண்ட் இல்லை. இரண்டாம் நாள் போனில் சிக்னலும் போயிற்று. பத்து மைல் தள்ளி இருக்கிற மைத்துனர் வீட்டில் கைக்குழந்தை. என்ன பாடுபடுகிறார்களோ என்று விசாரிக்கக்கூட வழியில்லை, ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸ். கரண்ட் வந்த வாரமே இணையத்தில் 25 டாலர் கொடுத்து ஒரு சீன வாக்கி டாக்கி வாங்கிவிட்டேன். பாவ்ஃபெங் யுவி-5ஆர் என்று ஒன்று ஊர் முழுக்க விற்குமே, அதே சாயலில் வரும் எத்தனையோ பெயர்களில் ஒன்று. பேசுவதற்கு லைசென்ஸ் வேண்டும் என்பது பெட்டிக்குள் இருந்த துண்டுச் சீட்டில் எறும்பு எழுத்தில் இருந்தது. நான் படிக்கவில்லை.

ஆன் செய்தால், ஃபேக்டரியிலேயே பதிந்து அனுப்பிய சேனல்கள் சில இருந்தன. ஒன்றில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். காது கொடுத்துக் கேட்டால் கட்டட வேலை. கீழே நிற்பவர் கிரேன்காரருக்கு 'இன்னும் கொஞ்சம் இறக்கு, இறக்கு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். என் பையனுக்கு அப்போது ஒன்பது வயது. பக்கத்துப் பட்டனை அழுத்தி 'ஹலோ' என்றான். அந்தப் பக்கம் ஒரு நொடி நிசப்தம். பிறகு 'யார் அது?' என்று ஒரு குரல். கோபம்கூட இல்லை, பதறிப்போன குரல். ரேடியோவைப் பிடுங்கி அணைத்தேன். அன்றிரவுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேட உட்கார்ந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது முதல் ஆறுதல். வில்லங்கமெல்லாம் பட்டனை அழுத்துவதில்தான்.

அமெரிக்காவில் அலைவரிசைகளுக்கு நாட்டாமை எஃப்சிசி என்கிற அரசு ஆணையம். அதன் விதிப் புத்தகத்தில் நமக்குத் தேவையானவை இரண்டு பகுதிகள். பார்ட் 95 என்பது எஃப்ஆர்எஸ், ஜிஎம்ஆர்எஸ் என்கிற குடும்ப வாக்கி டாக்கிகளுக்கு. அங்கே சோதித்துச் சான்று தருவது ரேடியோவுக்கு. பார்ட் 97 ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்கு. அங்கே தேர்வு வைப்பது ஆளுக்கு. ரேடியோவுக்குச் சான்று கேட்பதில்லை. பழைய டாக்ஸி ரேடியோவைத் திருத்திப் பயன்படுத்தலாம், வீட்டு மேஜையிலேயே சால்டரிங் வைத்துச் செய்துகொள்ளலாம். ஆனால் வெளியே போகிற அலை மற்ற அலைவரிசைகளிலும் சிந்தி அசுத்தமாக இருந்தால், பதில் சொல்ல வேண்டியவர் கால் சைன், அதாவது லைசென்ஸோடு தரும் அடையாளக் குறி, வைத்திருப்பவர்.

இது மண்டையில் ஏற எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஏறியபின் மற்றதெல்லாம் சுலபம். ஹாம் லைசென்ஸ் வாங்கிவிட்டால் ஹாம்களுக்கான 146.52 மெகாஹெர்ட்ஸில் இந்த 25 டாலர் ரேடியோ சரி. அதே ரேடியோவை அதே கையால் 462 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் எஃப்ஆர்எஸ் சேனலுக்கு மாற்றிப் பேசினால் தப்பு. எஃப்ஆர்எஸ் ரேடியோவில் ஆன்டெனா கழற்ற முடியாததாக இருக்க வேண்டும்; இதிலோ திருகினால் கையோடு வந்துவிடுகிறது.

2018 செப்டம்பரில் எஃப்சிசி விட்ட ஓர் எச்சரிக்கையைக் காட்டி, சீன ரேடியோவே தடை என்று இன்னமும் சொல்பவர்கள் உண்டு. ஹாம் அலைவரிசைக்கு வெளியேயும் பேசக்கூடிய ரேடியோக்களைச் சான்று இல்லாமல் இறக்குமதி செய்வதும் விற்பதும்தான் அதில் பெரிய புகார். வாசகம் கொஞ்சம் அகலமாக இருந்ததால் ஹாம்களும் கலங்கிப்போனார்கள். ஆனால் பார்ட் 97 அதனால் மாறிவிடவில்லை. இன்னொரு கூட்டம் 'ஆபத்து என்றால் லைசென்ஸே வேண்டாம்' என்று சொல்லும். அந்த விதியை எடுத்துப் படித்துப் பாருங்கள்: உயிருக்கு ஆபத்து, வேறு தொடர்பு வழியும் இல்லை என்றால் ஓர் அமெச்சூர் நிலையம் கையில் இருக்கும் எந்த வழியையும் பயன்படுத்தலாம் என்கிறது. அமெச்சூர் நிலையம், அதாவது லைசென்ஸ் உள்ள ஹாமின் நிலையம், என்ற சொல்லை இவர்கள் வசதியாக விழுங்கிவிடுகிறார்கள்.

தேர்வு எழுதுவதை ஒன்றரை வருஷம் தள்ளிப்போட்டேன். அதற்குத் தண்டமாக 35 டாலர். 2022 ஏப்ரல் 19-க்கு முன்னால் பல வருஷங்களாக எஃப்சிசி ஹாம் லைசென்ஸுக்குக் கட்டணம் வாங்கவில்லை.

முதல் படியான டெக்னீஷியன் தேர்வில் 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் போதும். 400 சொச்சம் கேள்விகளையும் விடைகளோடு முன்கூட்டியே வெளியிட்டுவிடுகிறார்கள், அதிலிருந்துதான் வரும். மோர்ஸ் தந்திக் குறித் தேர்வு 2007-லேயே போய்விட்டது. நம் ஊர்ப் பிளஸ் டூ இயற்பியல் ஞாபகம் இருந்தால் ஓம் விதி, அலைநீளம் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு; எனக்குக் குழப்பியது எந்த அலைவரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான். பஸ்ஸில் போய்வரும் நேரத்தில் மூன்று வாரம் போனில் பயிற்சி செய்தேன்.

போகுமுன் எஃப்சிசி தளத்தில் எஃப்ஆர்என் என்ற பதிவு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் முகவரியில் மட்டும் கவனம்: லைசென்ஸ் வந்ததும் அது பொதுத் தேடலில் யார் கண்ணுக்கும் தெரியும். தபால் பெட்டி எண் கொடுக்கலாம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

ஒரு சர்ச் ஹாலில் தேர்வு. நடத்தியவர்கள் மூவரும் தன்னார்வலர்களான ஹாம்கள், மூவருக்கும் என் அப்பா வயது. என்னோடு எழுதிய ஆறு பேரில் ஒரு சிறுமி. இங்கே வயது வரம்பே கிடையாது. நான் 32 சரி. அந்தப் பெண் 35-க்கு 35 வாங்கிவிட்டு அடுத்த நிலைத் தாளையும் கேட்டு வாங்கினாள். எஃப்சிசியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பத்து நாளுக்குள் 35 டாலர் கட்ட வேண்டும். கட்டிய மறுநாள் கால் சைன் வந்துவிட்டது, பத்து வருஷத்துக்கு.

கால் சைன் வந்த அன்றும் பேச முடியவில்லை. பக்கத்து ரிப்பீட்டரை, அதாவது நம் அலையை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் நிலையத்தை, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதிலே இல்லை. அது திறக்க நம் குரலோடு அனுப்ப வேண்டிய டோன் என்ற மெல்லிய ஒலியை வைக்கவில்லை என்று இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. சேனல்களைப் பதிய, சிர்ப் என்ற இலவசக் கணினி மென்பொருளை ஒரு கேபிளோடு பயன்படுத்துங்கள். முதல் வேலையாக ஃபேக்டரி சேனல்கள் அத்தனையையும் அழித்துவிடுங்கள். கேட்க மட்டும் வைத்திருக்கும் சேனல்களுக்கு டூப்ளெக்ஸ் கட்டத்தில் 'ஆஃப்' கொடுத்தால் பட்டனை அழுத்தினாலும் அலை வெளியே போகாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மைத்துனரும் பின்னாலேயே லைசென்ஸ் வாங்கினார். தமிழில் பேசலாமா என்று இருவருக்கும் தயக்கம். தாராளமாகப் பேசலாம், விதி தடுப்பது பொருளை மறைக்கும் சங்கேதத்தை, வேற்று மொழியை அல்ல. பத்து நிமிடத்துக்கு ஒரு முறையும் பேச்சு முடியும்போதும் கால் சைனை மட்டும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மாமியார் வைத்த வத்தக்குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே நடுவில் கால் சைன் சொல்வது முதலில் சிரிப்பாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

அப்புறம் அலையின் சுத்தம். உள்ளூர் ஹாம் கிளப் நண்பர் ஒருவர், எந்த அலைவரிசையில் எவ்வளவு பலம் என்று காட்டும் கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர் கொண்டுவந்தார். நடுவில் பலத்தைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் போட்டு என் ரேடியோவை 146.52-ல் வைத்து அழுத்தினேன். திரையில் அதன் இரட்டிப்பான 293.04-லும் ஒரு முள், பலத்தில் அசல் அலையைவிட 41 டெசிபல் கீழே. 40 இருந்தால் போதும் என்று எங்கேயோ படித்திருந்ததால் தேறிவிட்டேன் என்று நினைத்தேன். நண்பர் விதியைத் திறந்து காட்டினார். இந்த அலைவரிசையில் 25 வாட்டுக்குள் இருக்கும் ரேடியோவில் இப்படிச் சிந்தும் உபரி அலை 40 டெசிபல் கீழே இருப்பதோடு, 25 மைக்ரோவாட்டைத் தாண்டவும் கூடாது. என் ரேடியோவின் 5 வாட்டில் 41 டெசிபல் கீழே என்றால் கிட்டத்தட்ட 400 மைக்ரோவாட், அனுமதித்ததைப்போல் 16 மடங்கு. நண்பரின் ரேடியோவும் மலிவுதான், வேறு தயாரிப்பு. அது சுத்தமாகத் தேறியது. விலையை வைத்துச் சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

என் மனைவிக்குத் தேர்வில் இஷ்டமில்லை. என் லைசென்ஸில் அவள் தனியாகப் பேச முடியாது. நான் பக்கத்தில் இருந்தால் என் நிலையத்தில் பேசலாம், அவ்வளவுதான். அதனால் ஜிஎம்ஆர்எஸ் லைசென்ஸ் ஒன்றும் எடுத்தேன். தேர்வு இல்லை, 35 டாலர், பத்து வருஷம், குடும்பம் முழுவதற்கும் சேர்த்து. அதற்குப் பார்ட் 95 சான்றுள்ள ரேடியோ ஒரு ஜோடி தனியாக வாங்க வேண்டியிருந்தது.

ஊருக்குப் போகும்போது இதில் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். அமெரிக்க லைசென்ஸ் அங்கே தானாகச் செல்லாது. இங்கே 144 முதல் 148 வரை இருக்கும் அலைவரிசை அங்கே 146-லேயே முடிகிறது.

அந்த முதல் ரேடியோவை நான் தூக்கிப்போடவில்லை. எல்லாச் சேனலிலும் 'ஆஃப்' போட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். 162.400 முதல் 162.550 வரை அரசின் வானிலை அறிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு நன்றாகவே கேட்கிறது. பையன் இன்னமும் அதன் பட்டனை அழுத்திப் பார்க்கிறான்.