வியாழக்கிழமை 25 மணி

ஜப்பானியத் தொலைக்காட்சி அட்டவணையில் 25 மணி என்று ஒரு நேரம் உண்டு. வியாழக்கிழமை 25 மணி என்றால் நாட்காட்டிப்படி வெள்ளிக்கிழமை அதிகாலை ஒரு மணி. விழித்திருப்பவருக்கு நாள் இன்னும் முடியவில்லை என்பது அவர்கள் கணக்கு. 2020 அக்டோபர் 8 முதல் டிசம்பர் 24 வரை டிவி டோக்கியோவில் அந்த அரைமணி நேரத்தில் ஒரு தொடர் வந்தது. ‘முப்பது வயதுவரை பிரம்மச்சாரியாகவே இருந்தால் மந்திரவாதி ஆகிவிடலாமாம்’ என்பது அதன் பெயர். இங்கே எல்லோரும் சுருக்கமாகச் ‘செரி மஹோ’ என்பார்கள். டோக்கியோவில் நான் காலூன்றியதில் இந்தத் தொடருக்கும் பங்கு உண்டு. புதிதாக இந்த ஊருக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு அரிசி எங்கே கிடைக்கும் என்று சொல்வதோடு இதையும் சொல்லவேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

தொயோதா யூ வரைந்த மங்காவிலிருந்து, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையிலிருந்து, எடுத்த கதை. எழுதுபொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் அடாச்சி கூச்சக்காரன். அடுத்தவர் தள்ளிவிடும் வேலையையும் வாய் திறக்காமல் வாங்கிக்கொள்பவன். காதல் என்பது தனக்கில்லை என்று ஒதுங்கியே முப்பது வயதைத் தொடுகிறான். பிறந்தநாளன்று அவனுக்கு ஒரு சக்தி வந்துவிடுகிறது. யாரைத் தொட்டாலும் அவர் மனத்தில் ஓடுவது அவன் காதில் விழும். நெரிசலான லிஃப்டில் சக ஊழியன் குரோசாவாவின் உடல் அவன்மேல் படுகிறது. அழகு, திறமை, விற்பனையில் முதலிடம் என்று அலுவலகமே வியக்கும் அந்தக் குரோசாவாவின் மனம் முழுக்க அடாச்சிதான். அகாசோ எய்ஜியும் மச்சிடா கெய்தாவும் நடித்திருக்கிறார்கள்.

நான் 2019 இலையுதிர் காலத்தில் மதுரையிலிருந்து வந்து நிஷி-கசாயில் வீடு பிடித்தேன். எதோகாவா வட்டத்தில் இருக்கும் இந்தப் பகுதியில் 2000 ஆண்டை ஒட்டி மென்பொருள் வேலைக்கு வந்த இந்தியர்கள் குடியேறத் தொடங்கினார்கள். நிதி நிறுவனங்கள் இருக்கும் ஓதேமாச்சிக்கு தோசாய் மெட்ரோ ரயில் தடத்தில் மாறாமல் ஏறிப் போகலாம் என்பது முக்கியக் காரணம். அந்தத் தடத்தில் கிபாவுக்கும் மோன்சென்-நகாச்சோவுக்கும் இடையே காலை நெரிசல் 2019இல் ரயிலின் கொள்ளளவில் 199 சதவீதம். தோளும் முதுகும் அடுத்தவர்மேல் அழுந்தி நிற்கும். ஆனாலும் பெட்டிக்குள் பேச்சுச் சத்தம் இருக்காது. மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஏறிய அரைமணியில் பக்கத்து இருக்கைக்காரரின் குடும்பக் கதை முழுவதும் தெரிந்துவிடும் ஊரிலிருந்து வந்தவள் நான். இத்தனை உடல்களுக்கு நடுவே ஒரு சொல்கூட இல்லாத அந்த நிற்றல் எனக்கு மூச்சு முட்டியது.

அலுவலகத்தில் அதைவிடக் கடினம். ஜப்பானிய மொழித் தேர்வில் மூன்றாம் நிலை தேறித்தான் வந்திருந்தேன். சொற்கள் புரிந்தன, மனிதர்கள் புரியவில்லை. கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னால் எல்லோரும் தலையசைப்பார்கள். பிறகு அந்த யோசனையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பிடித்ததா, பிடிக்கவில்லையா? பெருந்தொற்று வந்து முகக்கவசமும் சேர்ந்தபோது பாதி முகமும் போயிற்று. அந்த நாள்களில்தான் அடாச்சியைப் பார்த்தேன். இந்த ஊரில் புதிதாக வந்த ஒருவர் என்ன வரம் கேட்பாரோ, அது அப்படியே அவனுக்குக் கிடைத்திருந்தது.

மொழிக்கு அது பெரிய உதவி. குரோசாவா வாயால் பேசும்போது நிதானம், மரியாதை, அளவான புன்னகை. அதே நொடியில் அவன் மனக்குரல் வீட்டுப் பேச்சில் துள்ளும்: தலைமுடி கலைந்திருப்பதைப் பார், எவ்வளவு அழகு! ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு விதமாகப் பேசுவதைக் கேட்கக் கேட்க, பாடப்புத்தகம் சொல்லித் தராத பேச்சுநடை காதில் ஏறியது.

கதை மென்மையாகப் போகும். கடைசி ரயிலைத் தவறவிட்ட அடாச்சி குரோசாவாவின் வீட்டில் தங்குகிறான். காலையில் சோறும் மிசோ சூப்புமாகத் தட்டு தயாராக இருக்கிறது. மது விருந்தில் ராஜா விளையாட்டு நடக்கிறது; சீட்டில் ராஜா ஆனவர் சொல்வதை மற்றவர்கள் செய்யவேண்டும். இருவரும் முத்தமிட்டுக்கொள்ள வேண்டும் என்று கட்டளை வர, அடாச்சியின் நடுக்கத்தைப் பார்த்த குரோசாவா அவன் நெற்றியோடு நிறுத்திக்கொள்கிறான். சிரிப்புத் தொடர்தான். ஆனால் அந்த இடத்தில் சிரிக்கத் தோன்றவில்லை. நம் சினிமாவில் மறுக்கும் பெண்ணைத் தெருத் தெருவாகத் துரத்துவதைக் காதல் என்று பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள்.

ஏழாம் பாகத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். அதில் கதை குரோசாவாவின் பக்கம் திரும்புகிறது. சிறு வயதிலிருந்தே அழகன் என்ற ஒரே காரணத்துக்காகப் பாராட்டப்பட்டவன், எதைச் சாதித்தாலும் முகத்தால் கிடைத்தது என்று ஒதுக்கப்பட்டவன். ஒருமுறை வாடிக்கையாளர் விருந்தில் அளவுக்கு மீறிக் குடிக்க நேர்ந்து நிலைகுலைகிறான். பூங்காவில் அவனைப் பார்த்துக்கொள்ளும் அடாச்சிக்கு அந்தத் தளர்ந்த முகம் பிடித்துப்போகிறது. அதைச் சாதாரணமாகச் சொல்லியும்விடுகிறான். குரோசாவாவுக்கு அன்று தொடங்கியதுதான் எல்லாம். எப்போதும் நன்றாகச் செய்துகாட்ட வேண்டியவளாக அயல்நாட்டில் நின்றுகொண்டிருந்த எனக்கு, தளர்ந்திருக்கும்போது ஒருவர் நம்மைப் பிடித்துப்போய்ப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இன்னொருவர் ஃபுஜிசாகி. அதே அலுவலகத்தில் வேலை செய்யும் பெண். காதலில் அவளுக்கு நாட்டமில்லை. எப்போது கல்யாணம் என்று தாய் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு இறுதியில் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துக்கொடுத்துக் கதை முடியும் என்று பயந்தேன், அப்படிச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ஜாதகம் பற்றிப் பேசும்போது நான் ஃபுஜிசாகியின் கதையைச் சொன்னேன். “அந்தப் பெண்ணுக்கு வேலை இருக்கிறதல்லவா, சாப்பாட்டுக்குக் குறைவில்லையே?” என்று கேட்டார். வேலை இருக்கிறது, குறைவில்லை என்றேன். அடுத்த இரண்டு வாரம் ஜாதகப் பேச்சு எழவில்லை. மூன்றாம் வாரம் மீண்டும் வந்தது. ஆனால் குரல் மாறியிருந்தது.

தொடரின் கடைசிப் பாகங்களில் அந்தச் சக்தியே அடாச்சிக்குச் சுமையாகிவிடுகிறது. அது போய்விட்டால் குரோசாவாவைப் புரிந்துகொள்ள முடியுமா என்று பயப்படுகிறான். அவன் வாயால் பேசியாகவேண்டும், வேறு வழியில்லை. நான் கேட்ட வரத்தை வைத்திருந்தவனே இப்படித் தவித்ததைப் பார்த்த பிறகு எனக்கு அதன்மேல் ஆசை விட்டுப்போயிற்று. கூட்டத்துக்கு முன் யாரோ என் மேசையில் நிகழ்ச்சி நிரலை வைத்துவிட்டுப் போவது வழக்கம். கடினமான கான்ஜி என்ற சீன எழுத்துகளின் மேல், அவற்றை வாசிக்கும் விதம் ஹிராகானா என்ற எளிய ஒலியெழுத்தில் பென்சிலால் குறித்திருக்கும். எதிர் மேசையில் இருக்கும் மூத்தவரிடம் நேராகப் போய்க் கேட்டேன். அவர் காது சிவந்தது. நீங்கள் சொல்லும் யோசனைகள் நல்லவை, நிரலைப் பார்த்து அவசரமாக வாசிக்கும்போது மட்டும் தடுமாறுகிறீர்கள், அதனால்தான் என்றார். தலையசைப்புகளுக்கு என்ன பொருள் என்றும் அன்றே கேட்டுவிட்டேன். மேலதிகாரியிடம் முன்கூட்டியே தனியாகப் பேசிவிட்டு வந்தால் கூட்டத்தில் யோசனை நகரும் என்று பொறுமையாக விளக்கினார்.

இந்தத் தொடரை நேசிப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளவேண்டும். ஆணும் ஆணும் திருமணம் செய்துகொள்ள ஜப்பானியச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஷிபுயாவும் செதகாயாவும் 2015இல் தொடங்கிய இணையர் பதிவு முறை எங்கள் எதோகாவாவுக்கு 2019 ஏப்ரலில் வந்தது. டோக்கியோ மாநகரம் முழுமைக்கும் 2022 நவம்பரில் வந்தது. அந்தச் சான்றிதழ் வீடு வாடகைக்கு எடுக்கவும் மருத்துவமனையில் கூட இருக்கவும் உதவலாம். வாரிசுரிமை தராது. திருமணத்தை மறுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சப்போரோ மாவட்ட நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடி 2018இல் தளர்ந்தபோது கொண்டாடினோம். 2023இல் உச்ச நீதிமன்றம் திருமண உரிமையை வழங்க மறுத்துவிட்டது. திரையில் இவ்வளவு கொண்டாடப்படும் காதலுக்கு வெளியே ஒரு கையெழுத்து கிடைக்கவில்லை என்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

கீழ்த்தளத்தில் இருக்கும் தஞ்சாவூர் அக்காவுக்கு முதலில் தயக்கம். இரண்டு பையன்களா என்று கேட்டுவிட்டு, முறுக்குப் பிழிந்தபடியே பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாம் பாகத்தில் முறுக்கு அச்சை ஓரமாக வைத்துவிட்டார். அடாச்சியின் நண்பன் எழுத்தாளர் த்சுகே, அவன் மனத்தைக் கவர்ந்த கூரியர் பையன், ஊடோன் என்ற பூனை, எல்லோர் மேலும் அவருக்கு அக்கறை வந்துவிட்டது. 2022இல் வந்த திரைப்படத்தையும் நாங்கள் சேர்ந்தே பார்த்தோம். இப்போது 2021இல் டிவி அசாஹி ஒளிபரப்பிய ‘கியேத்த ஹத்சுகோய்’ என்ற தொடர் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆவோகி என்ற மாணவன் வகுப்புத் தோழியிடம் கடன் வாங்கிய அழிப்பானில் வகுப்புத் தோழன் ஈதாவின் பெயர் இருக்கிறது. அது ஆவோகி எழுதியதுதான் என்று ஈதாவே நினைத்துக்கொள்கிறான். உண்மை எப்போது தெரியவரும் என்று படியேறி வந்து அக்கா கேட்கிறார். நான் சொல்வதாக இல்லை.