அக்கவுண்ட்ஸ் சிஸ்டத்தில் ஷார்ட்கட் வைரஸ்: நாட்குறிப்பு

மார்ச் 11, செவ்வாய்

பென்டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் அத்தனையும் ஷார்ட்கட். ஐகான் மூலையில் குட்டி அம்புக்குறி, சைஸ் 2 கேபி. லேன் கேபிளை உருவியாயிற்று.

ஒரு ஷார்ட்கட்டின் பிராப்பர்டீஸில் டார்கெட்டைப் பார்த்தால், முதலில் ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு, கையோடு உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டுகிறது. யாருக்குச் சந்தேகம் வரும்? எத்தனை நாளாக இப்படியோ.

மார்ச் 12, புதன்

டாஸ்க் மேனேஜரில் டபிள்யூஸ்கிரிப்ட் ஓடுகிறது. ஸ்கிரிப்டுகளை ஓட்டும் புரோகிராம், அது விண்டோஸோடு வருவதுதான். அது ஓட்டுகிற விபிஎஸ் ஃபைல்தான், அதாவது அந்த ஸ்கிரிப்ட்தான் வினை. புரோகிராம்கள் தங்கள் டேட்டாவை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரில் ஒரு பிரதி, ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் இன்னொன்று. ஆப்டேட்டாவில் இருந்ததை மட்டும் அழித்தது தப்பு, சில நொடியில் திரும்ப வந்துவிட்டது. ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்வரை தன்னைத்தானே எழுதிக்கொண்டே இருக்கும். முதலில் எண்ட் டாஸ்க். பிறகு இரண்டு பிரதிகள். அப்புறம் ரெஜிஸ்ட்ரியில், லாகின் ஆனதும் தானாக ஓட வேண்டியவற்றைக் குறித்துவைக்கும் ரன் கீயில் இருந்த பதிவு. குறித்த நேரத்தில் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரையும் பார்த்தாயிற்று, அங்கே ஒன்றுமில்லை.

அந்தப் பென்டிரைவ் யாருடையது?

மார்ச் 13, வியாழன்

20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி, மாதாந்திர ரிட்டர்ன், போட வேண்டும். ஃபார்மட் செய்ய மனம் வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

பென்டிரைவில் ஃபைல்கள் போகவில்லை, மறைந்துதான் இருக்கின்றன. கமாண்ட் பிராம்ப்டில், ஃபைலின் முத்திரைகளை மாற்றும் அட்ரிப் கட்டளைக்கு, ஹிடனை எடுக்கும் மைனஸ் எச் மட்டும் கொடுத்தால் ‘நாட் ரீசெட்டிங் சிஸ்டம் ஃபைல்’ என்று மறுக்கிறது. ஹிடனோடு சிஸ்டம் முத்திரையும் குத்தியிருக்கிறது. மைனஸ் எச், மைனஸ் எஸ், மைனஸ் ஆர் மூன்றும் சேர்த்து, கடைசியில் சிலாஷ் எஸ், சிலாஷ் டி. அந்த டி இல்லாவிட்டால் ஃபோல்டர்கள் வெளியே வராது. ஷார்ட்கட்களை அழித்த பிறகுதான் டிரைவைத் திறந்தது. இந்த வருடக் கணக்கு முழுசாக இருக்கிறது. அப்பாடா.

மார்ச் 15, சனி

டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன், கால் மணி நேரம். விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே ஓடுவதால் வைரஸ் ஒளிய இடமில்லை. அதற்கு முன் டிஃபெண்டரின் எக்ஸ்குளூஷன் பட்டியலை, ஸ்கேன் தொடாமல் விடும் இடங்களை, பார்த்துவிட வேண்டும். சில வைரஸ்கள் தங்கள் ஃபோல்டரை அங்கே சேர்த்துவிடும். இங்கே காலி. தானாக ஓடுபவை எல்லாவற்றையும் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் டூலில் ஒரு மஞ்சள் வரி: ஃபைல் போய்விட்டது, பதிவு மட்டும் மிச்சம். நீக்கியாயிற்று.

மார்ச் 17, திங்கள்

பேங்க், ஜிஎஸ்டி, மெயில் பாஸ்வேர்டுகளை வேறு சிஸ்டத்திலிருந்து மாற்றியாயிற்று. இந்த வகை ஸ்கிரிப்ட் வெளியிலிருந்து கட்டளை வாங்கி ஓடக்கூடியது. 11ஆம் தேதியே மாற்றியிருக்க வேண்டும். பில்லிங் மேடம் டிராயரில் இன்னும் நாலு பென்டிரைவ். நாலையும் பார்க்க வேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

மூன்று சுத்தம். நான்காவதில் அம்புக்குறி, 2 கேபி.