கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு: ஸ்டென்ட்டா, ஆபரேஷனா?

போன மார்கழில ஒருநாள் காலைல பேப்பர் படிச்சிட்டிருந்த அப்பா, "இடது கண்ணுல ஷட்டர் இறக்கின மாதிரி இருக்குடா"ன்னார். அஞ்சு நிமிஷத்துல தானா சரியாயிடுச்சு, காபி குடிச்சிட்டு பாண்டி பஜார் கிளம்பிட்டார். அன்னைக்கே பார்த்த கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிட்டார், மூணு நாள் அதுல போச்சு, எனக்கு இன்னும் அந்த கோவம் ஆறல. ஏன்னா பிரச்சனை கண்ணுலயே இல்ல. கழுத்துல இருக்கற கரோட்டிட் குழாய்ல படிஞ்ச கொழுப்புலேர்ந்து ஒரு துணுக்கு கிளம்பி கண்ணுக்குப் போயிருக்கு, அதுவே மூளைக்குப் போயிருந்தா ஸ்ட்ரோக். டாப்ளர் ஸ்கேன்ல 80% அடைப்பு.

சித்தப்பா, "74 வயசுல கழுத்துல கத்தி வைக்கணுமா, ஸ்டென்ட் போட்டுடலாமே"ன்னார். நானும் அதான் நினைச்சேன். ஆனா ரத்தக்குழாய் ஆபரேஷன் பண்ற வாஸ்குலர் சர்ஜன் படம் போட்டு காமிச்சாங்க, வயசானவங்களுக்கு நெஞ்சுல இருக்கற பெரிய குழாயே நெளிஞ்சு சுண்ணாம்பு படிஞ்சு கிடக்கும், ஸ்டென்ட் வைக்க தொடைலேர்ந்து ஒயரை ஏத்தும்போதே ஏதாவது பெயர்ந்து மேல போயிடலாம்னு. ரெண்டு முறையையும் ஒப்பிட்டு 2010ல வந்த க்ரெஸ்ட் ஆய்வுல 2502 பேர், சிகிச்சையை ஒட்டி ஸ்ட்ரோக் வந்தது ஸ்டென்ட்ல 4.1%, ஆபரேஷன்ல 2.3%. ஹார்ட் அட்டாக் அப்படியே தலைகீழ், ஸ்டென்ட்ல 1.1%, ஆபரேஷன்ல 2.3%. 70 தாண்டினவங்களுக்கு ஆபரேஷன்தான் மேல். ஹார்ட் ரொம்ப வீக்கா இருந்தா, கழுத்துல ஏற்கனவே ரேடியேஷன் கொடுத்திருந்தா ஸ்டென்ட் பக்கம் போவாங்களாம். கழுத்தடில சின்னதா கீறி அங்கேயே ஸ்டென்ட் வைக்கற டிகார்னு ஒரு முறையும் இருக்கு, அந்த நேரத்துல ரத்தத்தை எதிர்த்திசைல திருப்பி விடறதால துணுக்கு மூளைக்குப் போற ஆபத்து குறையும்.

எதுவா இருந்தாலும் அறிகுறி வந்து ரெண்டு வாரத்துக்குள்ள பண்ணிடணும், அதுக்கப்புறம் பலன் குறைஞ்சிட்டே போகும். அதனாலதான் அந்த மூணு நாள் எனக்கு அவ்ளோ வலிக்குது.

அப்பாவுக்கு ஆபரேஷன்தான், கழுத்தை மட்டும் மரத்துப்போக வச்சு பண்ணாங்க. வலது கைல கீச்சு கீச்சுன்னு கத்தற ரப்பர் பொம்மை, குழாயை கிளாம்ப் போட்டு மூடினதும் "அழுத்துங்க சார், அழுத்துங்க"ன்னு சொல்லிட்டே இருந்தாங்களாம், சத்தம் நின்னா மூளைக்கு ரத்தம் பத்தலன்னு அர்த்தம், உடனே பைபாஸ் ட்யூப் வைப்பாங்க. அப்பா விடாம அழுத்தியிருக்கார். கொழுப்பை வழிச்சு எடுத்துட்டு, குழாய் மறுபடி சுருங்காம இருக்க ஒரு பேட்ச் வச்சு தைச்சாங்க.

தாடைக்கு கீழ இன்னும் மரத்துதான் இருக்கு, ரேசர் போறதே தெரியலங்கறார். தினமும் காலைல ஷேவிங் முடியறவரைக்கும் நான் பக்கத்துல நிக்கறேன்.