டாக்காவில் தையல், ஹேக்கில் வழக்கு

முதலாளி நாடு விட்டு நாடு போய்விடுவார், சங்கம் மட்டும் ஆலை வாசலிலேயே கொடி பிடித்து நிற்கும் என்று கிண்டல் செய்வார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் வங்கதேசத்தில் நடந்தது வேறு.

2013 ஏப்ரல் 24, டாக்கா பக்கத்தில் சாவரில் துணி தைக்கும் ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். முந்தைய நாளே விரிசல் தெரிந்தும், மிரட்டி வேலைக்கு உள்ளே அனுப்பியிருக்கிறார்கள்! அடுத்த மாதமே இன்டஸ்ட்ரியால், யூஎன்ஐ என்ற இரண்டு உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் வங்கதேசச் சங்கங்களோடு சேர்ந்து வெளிநாட்டு ஆடை பிராண்டுகளிடம் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கின. அதற்கு முன்பு கம்பெனிகள் தாங்களே எழுதி தாங்களே சோதித்துக்கொண்ட நடத்தை விதிகள்தான் இருந்தன. இதுவோ சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், கட்டிடத்தைச் சரிசெய்யாத ஆலைக்குக் கையெழுத்திட்ட எந்த பிராண்டும் ஆர்டர் தரக்கூடாது, சரிசெய்யப் பணம் கிடைக்கவும் பிராண்டுகள் வழிசெய்ய வேண்டும். அமெரிக்கக் கம்பெனிகளான வால்மார்ட்டும் கேப்பும் சேரவில்லை, தனியாக ஒரு கூட்டணி வைத்துக்கொண்டன. எதிர்பார்த்ததுதான்.

வெறும் காகிதமாகவும் போகவில்லை. 2016இல் இரண்டு பிராண்டுகள்மேல் சங்கங்கள் நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நடுவர் மன்றத்துக்கே போயின, அதில் ஒன்று 2018இல் 23 லட்சம் டாலர் தர ஒத்துக்கொண்டது. பெயரைத்தான் வெளியே விடவில்லை.

சரி, கூலி? அது இந்த ஒப்பந்தத்திலேயே இல்லை. அதே 2016 கடைசியில் டாக்கா பக்கத்து ஆஷுலியாவில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் நூற்றுக்கணக்கில் வேலையிழந்தார்கள், உள்ளூர் சங்கத் தலைவர்கள் கைதானார்கள்.