பரணில் கிடந்த நாலு செல்

போன மாதம் பரணை ஒழித்தபோது பழைய கேமரா பை கையில் சிக்கியது. ஃப்ளாஷைத் திறந்தால் உள்ளே நாலு ரீசார்ஜபிள் செல், பென்டார்ச் சைஸ். கடைசியாக எப்போது சார்ஜ் போட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். பெண் எல்கேஜி சேர்ந்த வருஷம். இப்போது அவள் ஆறாவது படிக்கிறாள்.

சார்ஜரில் போட்டதும் நாலுக்கும் சிவப்பு விளக்கு சிமிட்டியது, அதாவது செல் கெட்டுவிட்டதாம். தூக்கிப்போடும் முன் எதற்கும் பார்க்கலாமே என்று மல்டிமீட்டரை வைத்தேன். 0.71, 0.64, 0.38, கடைசியில் ஒன்று 0.02 வோல்ட். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் என்றால் 1.2 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும்.

இந்த வகை செல் சும்மா வைத்திருந்தாலே தானாக இறங்கிவிடும். 2005-ல் சான்யோ எனலூப் என்று ஒன்றைக் கொண்டுவந்த பிறகுதான் ஒரு வருஷம் கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் மிச்சமிருக்கிற ரகம் பரவியது. என்னுடையது அதற்கு முந்தைய ரகம். போதாததற்கு ஃப்ளாஷுக்குள்ளேயே விட்டுவைத்திருக்கிறேன். இந்தக் காலத்துச் சார்ஜர் முதலில் வோல்டேஜைப் பார்க்கும், ரொம்பக் குறைவாக இருந்தால் கிட்டவே சேர்க்காது. செல் உண்மையில் செத்துவிட்டதா, வெறும் பட்டினியா என்கிற வித்தியாசமெல்லாம் அதற்குத் தெரியாது.

ஆகவே அதைவிட முட்டாளான ஒரு சார்ஜர் தேவைப்பட்டது. கேமராவோடு வந்த பழைய சார்ஜர் எதையும் சோதிக்காது, போட்டதற்கெல்லாம் கரண்ட் கொடுக்கும். அதில் பத்து நிமிஷம், பக்கத்திலேயே உட்கார்ந்து, சூடாகிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டு. மூன்று செல் 1.2-ஐத் தாண்டியது. பிறகு புத்திசாலிச் சார்ஜர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது. அவசரப்படாமல் 200 மில்லி ஆம்பியரில் பதினாறு மணி நேரம் வைத்தேன். நாள்பட்டுக் கிடந்த செல்லுக்கு வேக சார்ஜ் ஆகாது, உள்ளே பாதி இடம் தூங்கிக்கொண்டிருக்கும்போது மிச்ச இடத்தில் மொத்தக் கரண்டையும் திணித்தால் சூடுதான் மிச்சம்.

அப்புறம் முழுக்க இறக்கி, மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கி. ஒரு செல்லின் கணக்கைச் சொல்கிறேன்: மேலே 2100 mAh (மில்லி ஆம்பியர்-மணி, அதாவது செல்லின் கொள்ளளவு) என்று போட்டிருக்கிறது, முதல் சுற்றில் கிடைத்தது 890, அடுத்து 1340, பிறகு 1610, நாலாவதில் 1650. அதோடு நிறுத்திவிட்டேன். அந்த 0.02 செல் மட்டும் சார்ஜ் ஏறினமாதிரி நடித்துவிட்டு மறுநாள் காலையில் 0.4-க்கு வந்துவிட்டது. உள்ளே ஷார்ட். அதை மின்கழிவு டப்பாவில் போட்டாயிற்று.

ஒரு விஷயம், இந்த வேலையை லித்தியம் செல்லில் காட்டாதீர்கள். அது ரொம்ப இறங்கிக் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைந்து, திரும்பச் சார்ஜ் போடும்போது கண்ட இடத்தில் படிந்து ஷார்ட் ஆகலாம், தீயும் பிடிக்கலாம். பழைய பவர்பேங்க் உப்பியிருந்தால் தொடவே வேண்டாம்.

பிழைத்த மூன்றோடு புதிதாக ஒன்றைச் சேர்த்து ஃப்ளாஷில் போடுகிற தப்பையும் செய்யவில்லை, பலவீனமான செல்லை மற்றவை தலைகீழாக, அதாவது பிளஸ் மைனஸ் மாறும்படி, தள்ளிவிடும். ஏற்கெனவே அவற்றுக்குப் பழைய தெம்பு கிடையாது: கொள்ளளவு ஓரளவு வந்துவிட்டது, ஆனால் ஒரே மூச்சில் நிறையக் கரண்ட் கேட்டால் வோல்டேஜ் விழுந்துவிடுகிறது. இரண்டு செல் டிவி ரிமோட்டில் இருக்கின்றன. மூன்றாவது சுவர்க் கடிகாரத்தில், இதுவரை சரியாகத்தான் ஓடுகிறது.