தை ஐந்தில் தென்பெண்ணையின் தலைவாசலுக்கு

திருக்கோவிலூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தை ஐந்தாம் நாள் பொங்கலுக்கு நிகரான நாள். அன்று சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து சுவாமிகள் தென்பெண்ணைக்கு எழுந்தருளி, ஆற்று மணலில் போட்ட பந்தல்களில் இருந்து தீர்த்தவாரி காண்பார்கள். தையின் முதல் ஐந்து நாட்களும் கங்கையே வந்து பெண்ணையில் கலக்கிறாள் என்பது எங்கள் பக்கத்து ஐதீகம். சிறுவனாக இருந்தபோது, கபிலர் குன்று கண்ணில் படும் துறையில் அம்மா என் மூக்கைப் பிடித்து மூன்று முறை முழுக வைப்பார். மூன்றாவது முழுக்கில் கங்கை வந்துவிட்டதாக நான் நம்புவேன்.

பெங்களூருவுக்கு வேலைக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு, ஆற்றுத் திருவிழாவுக்கு ஒரே ஒரு நாள்தான் விடுப்புக் கிடைத்தது. அந்த ஒரு நாளில் ஊருக்குப் போய் வர முடியாதென்று மனம் சோர்ந்திருந்த இரவில்தான், ஆறு வந்து சேரும் இடத்துக்குப் போக முடியாவிட்டால் அது புறப்படும் இடத்துக்குப் போகலாமே என்று தோன்றியது. தென்பெண்ணை நந்தி மலைத்தொடரில் பிறக்கிறது. அதன் அடிவாரத்து நந்தி கிராமத்தில் போக நந்தீசுவரர் கோயில் இருக்கிறது. நான் குடியிருக்கும் அல்சூரிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். சைக்கிளிலேயே போவது என்று முடிவு செய்தேன். பாதயாத்திரை போகிறவர்கள் வழியெல்லாம் தெய்வத்தை நினைத்துக்கொண்டு போகிறார்கள் அல்லவா, நடக்க நேரமில்லாத எனக்கு மிதிப்பதுதான் அதற்கு அடுத்தபடி.

என் தெருவில் வசிக்கும் தம்பி ஒருவர் துணைக்கு வந்தார். அதிகாலை நாலரை மணிக்கு அல்சூர் ஏரிக்கரையில், 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையை வணங்கிவிட்டுப் புறப்பட்டோம். சட்டத்தில் இரண்டு தண்ணீர்ப் பாட்டில்களைச் செருகியிருந்தேன். ஒன்று நிறைந்தது, மற்றொன்று நன்றாகக் கழுவிய வெறும் பாட்டில். பையில் ஒரு வேட்டி, துண்டு, மாற்று டியூப், பம்ப் ஆகியவை இருந்தன.

ஹெப்பாள் மேம்பாலமும் விமான நிலையச் சாலையின் சர்வீஸ் ரோடும் அந்த நேரத்திலும் வண்டிகளின் இரைச்சலோடு இருந்ததால், தேவனஹள்ளி வரும் வரை முன்சக்கரத்து வெளிச்சத்தைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. திப்பு சுல்தான் பிறந்த அந்த ஊரின் கோட்டை மதிலருகே தட்டு இட்லி சாப்பிட்டு, கிராமச் சாலைகளில் திரும்பிய பிறகுதான் பயணம் பயணமாயிற்று. பனி வயல்களின் மேல் இடுப்பளவு உயரத்துக்குப் படுத்திருந்தது. திராட்சைப் பந்தல்களின் கல்தூண்கள் மட்டும் பனிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தன. கேழ்வரகு அறுத்த தாள்களின் ஈர வாசனை, யூகலிப்டஸ் தோப்பின் வாசனை, எங்கோ மாட்டுக்கொட்டகையில் மூட்டிய புகையின் வாசனை ஆகியவை ஒவ்வொன்றாக வந்து போயின. காரில் போயிருந்தால் இவற்றில் ஒன்றுகூட எனக்குக் கிடைத்திருக்காது.

ஆவதி என்ற ஊருக்கு முன்னால் பின்சக்கரம் காற்றிழந்தது. சக்கரத்தைக் கழற்றி, டயருக்குள் சுட்டுவிரலை விட்டு மெல்லச் சுற்றிப் பார்த்தபோது, நகக்கண்ணில் சுருக்கென்று தைத்தது. அரிசி நுனியளவு கருவேல முள். குளிரில் விரல்கள் மரத்துப் போயிருந்ததால் டியூபை மாற்ற அரை மணி நேரம் ஆயிற்று. "அண்ணா, நீங்க கொஞ்சம் உட்காருங்க, நான் காத்து அடிக்கிறேன்" என்று தம்பி பம்பை வாங்கிக்கொண்டார். அவர் காற்றடித்துக்கொண்டிருந்தபோது ஆவதியைப் பற்றி அவருக்குச் சொன்னேன். பெங்களூருவை நிறுவிய கெம்பே கௌடரின் முன்னோர்கள் காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு வந்து ஆவதியில் தங்கினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. காஞ்சிக்கு அருகே ஓடும் பாலாறும் இந்த மலைத்தொடரில்தான் பிறக்கிறது. பிழைப்புக்காக இந்தப் பக்கம் வந்த தமிழ்நாட்டுக்காரர்களில் நாங்கள் முதல்வர்கள் அல்லர் என்ற நினைப்பு அந்தக் குளிரில் எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஒன்பதரை மணிக்கு, 1478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலை பனியை உதறிவிட்டு எதிரே நிமிர்ந்து நிற்க, அதன் காலடியில் கோயிலைக் கண்டோம். கைகால் கழுவி, வேட்டி கட்டி, திருநீறு பூசி உள்ளே நுழைந்தேன். ஒரே வளாகத்தில் இரட்டைப் பிள்ளைகளைப் போல இரண்டு சிவன் சன்னிதிகள் அருகருகே இருக்கின்றன. தலைக்காட்டுக் கங்கர் காலத்தது என்று கருதப்படும் சன்னிதியின் இறைவன் பெயர் அருணாசலேசுவரர். திருவண்ணாமலைத் தீபத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கன்னட நாட்டுக் கிராமத்தில் அந்தப் பெயரைக் கேட்டதும் கண் நிறைந்துவிட்டது. மற்றொன்று போக நந்தீசுவரர் சன்னிதி. அருணாசலேசுவரர் இறைவனின் பால பருவம், போக நந்தீசுவரர் இளமை, மலையுச்சியிலுள்ள யோக நந்தீசுவரர் துறவு என்று மூன்று நிலைகளாக இங்கே வழிபடுகிறார்கள்; துறவியான சுவாமிக்கு மேலே உற்சவங்கள் கிடையாது.

ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கல்வெட்டில் இடம்பெற்ற இந்தக் கோயிலில் நுளம்பர், பாணர், கங்கர், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று அடுத்தடுத்து வந்த அரசர்கள் அனைவரும் ஏதேனும் ஒரு திருப்பணி செய்திருக்கிறார்கள். சோழ அரசன் ஒருவனுடையது என்று சொல்லப்படும் சிலையும் உள்ளே இருக்கிறது. ஆனால் என்னை நகரவிடாமல் நிறுத்தியது நடுவிலுள்ள உமாமகேசுவரர் சன்னிதியின் கல்யாண மண்டபம். அதன் கருங்கல் தூண்களில் சிவனும் பார்வதியும், திருமாலும் திருமகளும், நான்முகனும் கலைமகளும், அக்கினியும் சுவாகா தேவியும் தம்பதியராக நிற்கிறார்கள். ஒரு தூணில் ஏறும் கல்கொடியின் இலைக்கடியில் ஒரு கிளி அமர்ந்திருக்கிறது. உளி பட்ட இடம் எது, காலங்காலமாகப் பக்தர்களின் கை பட்டு வழுவழுப்பான இடம் எது என்று விரல் நுனிக்குத் தெரிகிறது. என் விரலில் முள் தைத்த இடம் அந்தக் குளிர்ந்த கல்லில் பட்டபோது, வலி அடங்கியது போலிருந்தது.

அருச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டு மங்களாரத்தி காட்டினார். நான் திருக்கோவிலூர்க்காரன், தென்பெண்ணைக் கரையிலிருந்து வருகிறேன் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னதும், "அப்படியென்றால் கல்யாணியைப் பார்க்காமல் போகாதீர்கள்" என்றார். கல்யாணி என்றால் இங்கே திருக்குளம். நான்கு புறமும் படிப்படியாக இறங்கும் அந்தக் குளத்துக்குச் சிருங்கி தீர்த்தம் என்று பெயர். சிருங்கம் என்றால் கொம்பு. நந்திதேவர் தம் கொம்பைத் தரையில் பாய்ச்சிக் கங்கையை வரவழைத்த இடம் இது என்பதும், தென் பினாகினி என்று கன்னடத்தில் வழங்கும் எங்கள் தென்பெண்ணையின் ஊற்றுக்கண் இதுவே என்பதும் தல வரலாறு.

படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெகு தொலைவில் எங்கள் ஊர்க்காரர்கள் இன்று கங்கை வருகிறாள் என்று சொல்லி முழுகுகிறார்கள். இங்கேயோ அந்த ஆறு பிறந்ததே கங்கையால்தான் என்கிறார்கள். ஊற்றுக்கண்ணில் ஒரு மொழியும் துறையில் வேறொரு மொழியும் பேசுகிற மக்கள், ஒரே ஆற்றின் இரு முனைகளில் நின்றுகொண்டு ஒருத்தியையே கும்பிட்டிருக்கிறார்கள். அம்மா என் மூக்கைப் பிடித்து முழுக வைத்த நாளிலிருந்து இந்த நாள் வரை இடையில் இருந்த ஒரு நூல் அங்கே எனக்குத் தட்டுப்பட்டது.

இடையில் என்ன நடக்கிறது என்பதையும் அந்தப் படியில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. நான் குடியிருக்கும் அல்சூர்ப் பக்கத்து வடிகால்கள் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில்தான் போய்ச் சேருகின்றன. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் பனிமலை போல நுரை பொங்கி நிற்பதை நேரில் கண்டிருக்கிறேன். என் வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அதில் ஒரு துளி. போக நந்தீசுவரரின் முன்னே நின்று முதலில் அதற்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகளின் படிப்பு, அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தன.

அருச்சகரிடம் வேண்டிக் கேட்டு, அபிஷேகத் தீர்த்தம் கொஞ்சத்தை வெறும் பாட்டிலில் வாங்கிக்கொண்டேன். திரும்பும் வழியில் வெயிலும் பக்கக் காற்றும் கடுமையாக இருந்தன. வழியில் ஒரு கரும்புச்சாறு கடையில் மட்டும் நின்றோம். மாலை நான்கு மணிக்கு அல்சூர் வந்தபோது மொத்தம் நூற்றிருபது கிலோமீட்டரைத் தாண்டியிருந்தோம்.

இரவு அம்மாவிடம் தொலைபேசியில் பேசினேன். முழங்கால் வலியால் இந்த ஆண்டு முழுகவில்லை என்றும், மூன்று கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டதாகவும் சொன்னார். நான் எங்கே போய் வந்தேன் என்பதைச் சொன்னதும் சற்று நேரம் பேச்சில்லை.

"அங்க தண்ணி நல்லா இருந்துச்சாப்பா?" என்று பிறகு கேட்டார்.

கொஞ்சம் தீர்த்தம் பாட்டிலில் வாங்கிப் பூசை மாடத்தில் வைத்திருக்கிறேன் என்றேன்.

"சிவராத்திரிக்கு வர்றப்ப அதைக் கையிலயே எடுத்துட்டு வாப்பா. நம்ம துறையில நீயே ஊத்திடு. அதுவாச்சும் வழியில ஒண்ணும் கலக்காம வந்து சேரட்டும்."